பாதி வாக்கு

யமுனாவுக்குப் போன் போட்டால் அவள் எடுக்க மாட்டாள். திமிர் என்று நினைத்துவிடக் கூடாது. மணி அடித்தால்தானே எடுப்பதற்கு! கொல்லிமலையில் திருப்புலி நாட்டுப் பக்கம் பலாக்குழிப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே கரண்டு உண்டு, தார் ரோடு உண்டு, காலையும் மாலையும் பஸ் உண்டு, வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ டச் போன்கூட உண்டு. டவர் மட்டும் இல்லை. ஆகவே யாராவது அவளைக் கூப்பிட்டால், 'நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்' என்று ஓர் அம்மாள் இழுத்து இழுத்துச் சொல்லுவாள். சேலத்தில் இருந்து கூப்பிட்டவர், யமுனா காசி ராமேசுவரம் என்று கிளம்பிப் போய்விட்டதாக எண்ணிக்கொள்வார். அவளோ அடுப்பில் சாமைச் சோறு பொங்கி வழியாமல் கரண்டியும் கையுமாகக் காவல் நின்றுகொண்டிருப்பாள்.

ஊரை ஒட்டிய பள்ளத்தில் இறங்கி, மிளகுக் கொடி சுற்றிய மரங்களுக்கு நடுவே மூச்சு வாங்க ஏறினால் ஒரு மொட்டைப் பாறை வரும். அதற்குப் பேரே டவர் பாறை. கீழே சமவெளியில் நிற்கிற டவரில் இருந்து மிச்சம் மீதி சிக்னல் அந்தப் பாறைமேல் வந்து ஒதுங்கும். ஒரு கம்பெனி சிம்முக்குப் பாறையின் தென்முனை, இன்னொரு கம்பெனிக்கு நாவல் மரத்தடி. மழை பெய்தால் இரண்டும் இல்லை. ரேஷன் கடைக்காரர் கைரேகை மெஷினைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் வருவார்; அரிசி ஊருக்குள், ரேகை பாறைமேல். அங்கே நின்று ரகசியம் பேச முடியாது. ஒருவர் மகளுக்கு வரன் விசாரித்துக்கொண்டிருந்தால், வரிசையில் அடுத்து நிற்கிறவர், "அந்தப் பையன் வேண்டாங்க, சனிக்கிழமையானாக் குடிப்பான்" என்று நடுவில் புகுந்து சம்பந்தத்தையே கலைத்துவிடுவார்.

யமுனா பிறந்தது அந்த ஊர், வாழ்க்கைப்பட்டதும் அதே ஊர். செம்மேட்டில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டு வரை படித்தாள். மேலே படிக்க ஆசைதான். அதற்குள் மாமன் மகன் ரமேஷ்குமாருக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். ரமேஷ்குமார் நல்ல மனுஷன். பேச்சு குறைவு. தனக்கும் சேர்த்து யமுனா பேசிக்கொள்வாள் என்று விட்டுவிட்டான். இருக்கிற நிலத்தில் மிளகும் மரவள்ளியும் கொஞ்சம் சாமையும் போட்டார்கள்.

மிளகைச் சோளக்காட்டுச் சந்தைக்குக் கொண்டுபோனால், வியாபாரி தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ரமேஷ்குமார் கைமேல் போர்த்தி, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்லுவார். பெண்பிள்ளைகள் கையை அவர் பிடிப்பாரா? அதனால் மிளகு பறித்தது, காயவைத்தது, தூற்றியது எல்லாம் யமுனாவாக இருந்தாலும், துண்டுக்கடியில் என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரியாமலே இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் கேட்டால், "ஏதோ குடுத்தாருங்க" என்பான் ரமேஷ்குமார். பெண்டாட்டிக்கும் 'ங்க' போடுகிற அளவுக்கு நல்லவன்.

ஒருநாள் டவர் பாறையில் தம்பியுடன் பேசிவிட்டு, போனைச் சும்மா தடவிக்கொண்டிருந்தபோது கொச்சியில் அன்றைக்கு மிளகு என்ன விலை என்பது அவள் கண்ணில் பட்டது. முதலில் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு வந்தது பாருங்கள் கோபம், அந்த மொட்டைப் பாறையே கொதித்திருக்கும். அடுத்த வாரம் சந்தையில், வியாபாரி துண்டை எடுத்ததும் யமுனா குறுக்கே வந்து நின்றாள்.

"ஏனுங்க, துண்டை எதுக்கு எடுக்கறீங்க? வேர்த்திருச்சுங்களா?"

"இல்ல கண்ணு, வெலை பேசோணுமல்ல."

"கொச்சியில ஊருக்கே தெரியற மாதிரித்தானுங்க சொல்றாங்க. நீங்களும் வாயாலயே சொல்லுங்கோ."

போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். சுற்றி நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். வியாபாரி துண்டால் உண்மையாகவே வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

அன்றையில் இருந்து திருப்புலி நாட்டில் துண்டுக்கு மவுசு குறைந்துபோயிற்று. யமுனா வாட்ஸாப்பில் மிளகுக்கென்று ஒரு குரூப் தொடங்கினாள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள், மற்றவர்கள் பேசி அனுப்பினார்கள். மிளகு, காப்பிக்கொட்டை, சாமை, தேன் என்று ஒவ்வொரு வீட்டுப் பண்டமும் படமாகக் கீழே இறங்கியது. படத்தைப் பார்த்துச் சரக்குக் கேட்டார்கள். சரக்கு பஸ்ஸில் ஏறி, கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி, அடிவாரத்துக் காரவள்ளியில் சின்னாத்தாள் டீக்கடையில் இறங்கும். சின்னாத்தாள் அதைச் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, 'போயிருச்சு கண்ணு' என்று குரல் பதிந்து அனுப்புவாள். சேலத்தில் இயற்கை அங்காடி வைத்திருக்கிற ஹேமலதா என்கிற அம்மாள்தான் பெரிய வாடிக்கை. ஊரில் பெண்கள் பேரில் பாங்குக் கணக்கு வந்தது. சந்தைக்குக் கிளம்புகிற ஆண்கள், "ஏனுங்க யமுனா, இன்னைக்கி என்ன வெலைங்க?" என்று வாசலில் வந்து நின்றார்கள். இந்த 'ஏனுங்க'வைக் கேட்க அவளுக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் நன்றாக இருக்காது. ஆனாலும் இனித்தது.

ஆனால் எல்லாம் அந்தப் பாறையை நம்பி. காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை ஏறுவாள். நடுவில் வந்த ஆர்டர் அவள் ஏறுவதற்குள் வேறு ஊருக்குப் போயிருக்கும். ஒருநாள் ஹேமலதாவின் குரல் வந்து விழுந்தது.

"யமுனா, உங்க மிளகு ரொம்ப நல்லா இருக்கும்மா. உங்க போன்தான் நல்லா இல்லை. அவசரத்துக்கு ஒரு நாள்கூட நீங்க கிடைக்கறது இல்லை. ஆவணி வரைக்கும் பார்க்கறேன். அதுக்கப்புறம் நான் வேற ஆளைத்தான் பிடிக்கணும். கோவிச்சுக்காதீங்க."

அதே வாரம் ரமேஷ்குமாரும் வாய் திறந்தான். அவனுடைய சேக்காளி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வேலை இருக்கிறதாம், தங்க ரூமும் உண்டாம்.

"அந்தம்மா போயிட்டா நம்ம யாவாரம் நிக்காது யமுனா. வெறும் மரவள்ளிய வெச்சுக்கிட்டு என்ன பண்றது? ஊட்டைப் பூட்டிட்டுப் போயிரலாங்க."

ஊரில் ஏற்கெனவே பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. திருப்பூருக்குப் போனவர்கள் பொங்கலுக்கு வந்து பூட்டைத் திறந்து, பல்லியை விரட்டிவிட்டு மறுபடி பூட்டிக்கொண்டு போவார்கள். தன் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்குவதை யமுனாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. "ஆடி நோம்பி வரைக்கும் பொறுங்க" என்றாள். அவனும் சரி என்றான்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. செல்போன் டவர் வைக்க இடம் பார்க்கிற தரணிதரன் என்ற பையன், தோளில் பையும் கையில் ஏதோ கருவியுமாக வந்து ஊரையே சுற்றிவிட்டுப் போயிருந்தான். ஊருக்கு மேலே இருக்கிற கரடு என்கிற கல்லுக்குன்றுதான் தோதான இடம் என்றான். அங்கே கம்பம் நின்றால் இந்த ஊருக்கும் பக்கத்து ஊர்களுக்கும் வீட்டுக்குள்ளேயே டவர் கிடைக்கும். இந்த மாதக் கடைசிக்குள் ஊர் சம்மதம் சொன்னால் சரி, இல்லாவிட்டால் கம்பம் அடுத்த மலைக்குப் போய்விடும்.

சிக்கல் என்னவென்றால் கரடு ஊருக்குச் சொந்தமில்லை. கரட்டுச்சாமிக்குச் சொந்தம். அங்கே ஒரு சுள்ளி ஒடிப்பதாக இருந்தாலும் சாமியைக் கேட்டாக வேண்டும். கேட்கிறதும் நினைத்த நேரத்தில் முடியாது. ஆடிக் கடைசியில் வரும் நோன்பியில், அதாவது கோயில் திருவிழாவில், விடியக்காலம் ஏற்றுகிற அகல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது கேட்க வேண்டும். விளக்கில் ஒரு தரம்தான் எண்ணெய். அது மலையேறிவிட்டால், அதாவது அணைந்துவிட்டால், அப்புறம் அடுத்த ஆடிதான். இன்னொரு சட்டமும் உண்டு. சாமி சொல்கிற வாக்கு கேட்டவர்கள் காதில் நேராக விழ வேண்டும். 'அவரு கேட்டாரு, இவரு சொன்னாரு' என்பதெல்லாம் செல்லாது.

சாமி இறங்குவது யார்மேல் என்றால், யமுனாவின் தம்பி சின்னராசுமேல். இவன் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரியில் வேலைக்குச் சேர்ந்து, வருஷம் பூராவும் வடக்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பான். நோன்பிக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவான்.

ஊரில் நல்லது கெட்டதைத் தீர்மானிக்கிற ஊர்க்கவுண்டர் அர்த்தனாரிக்கு டவர் பிடிக்கவில்லை. டவர் வந்தால் தேனீ போய்விடும், பிள்ளைகள் கெட்டுவிடும், சாமிக்குத் தூக்கம் கெடும் என்று மூன்று காரணம் வைத்திருந்தார். எதுவும் எடுபடாவிட்டால் நான்காவதாக, "எனக்குப் புடிக்கல" என்பார். அவரிடம் போனே கிடையாது. யமுனா போய்க் கேட்டபோது வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பார்த்தார்.

"கேக்கலாம் கண்ணு. சாமியக் கேக்க வேண்டாம்னு சொல்ல நான் ஆரு? ஆனா சாமி வாரது உன்ற தம்பி மேல. நீ அவன் காதுல ஓதிவிட்டு, அவன் அதையே ஒப்பிச்சான்னா?"

யமுனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பெரியப்பா, டவர்னு ஒரு வார்த்தை அவங்கிட்டப் பேசமாட்டேன். கரட்டுச்சாமி மேல சத்தியம்" என்றாள். சொன்னபடியே நடந்தாள். தம்பி பாறைக்குப் போன் செய்தபோதெல்லாம் மாட்டுக்குக் காய்ச்சல், மழை சரியில்லை என்று பேசி வைத்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று ஊருக்கே தெரியும்.

நோன்பியும் வந்தது. முந்தின நாள் ராத்திரி அடித்த மழையும் அதோடு வந்தது. விடியக்காலம் கோயிலில் விளக்கேற்றிவிட்டார்கள். மேளக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். முதல் பஸ் வரவில்லை. சின்னராசும் வரவில்லை. யமுனா பாறைக்கு ஓடினாள். தென்முனையில் நின்றதும் போன் துள்ளியது. சின்னாத்தாளின் குரல்.

"யமுனா கண்ணு, உன்ற தம்பி இங்க என்ற கடையிலதான் குத்த வெச்சிருக்கான். இட்டிலியெல்லாம் தின்னுட்டான், பசியோட இருக்கான்னு நெனைக்காத. நடுவளைவுல பெரிய கல்லு உருண்டு ரோட்டை அடைச்சுக்கிச்சு. முள்ளுக்குறிச்சி ரோட்டுலயும் மரம் சாஞ்சு கெடக்குதாம். புளியஞ்சோலை வழியா நடந்தே ஏறிடறேங்கறான், அங்க ஆத்துல தண்ணி கரைபொரண்டு போகுது, நான் உடல. ஜேசிபி நாளைக்குத்தான் வருமாம்."

நாளைக்கு! விளக்கு சாயங்காலம் வரைகூடத் தாங்காது. யமுனா பாறைமேல் அப்படியே நின்றாள். ஒரு கணம் திருப்பூர் ரூம் கண்முன் வந்தது. ஜன்னலே இல்லாத ரூம். அவள் பார்த்ததில்லை, இருந்தாலும் ஜன்னல் இல்லை என்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது. மறுகணம் வேறொன்று தோன்றியது. தோன்றியதும் திரும்பிப் பார்க்காமல் கோயிலுக்கு ஓடினாள்.

"பெரியப்பா, மோளத்தைப் பாறைக்குக் கொண்டு போலாங்க. போன் போட்டு அந்தப் பக்கம் சின்னராசுகிட்ட மோளச் சத்தத்தைக் கேக்க வெக்கலாம். சாமி அங்க எறங்கி இங்க பேசட்டும்."

அர்த்தனாரிக்கு வெற்றிலை புரையேறிவிட்டது.

"போன்ல வாரதுக்குச் சாமி என்ன உன்ற மிளகு யாவாரியா?"

"ரோடு அடைச்சா மனுசனுக்குத்தானுங்க அடைப்பு. சாமிக்கு இந்தக் கோயிலும் ஒண்ணு, காரவள்ளி டீக்கடையும் ஒண்ணு. இல்லீன்னா சொல்லுங்க, சாமிக்கு அவ்வளவு தொலவு வர முடியாதுன்னு நீங்களே சொல்லிருங்க."

இதற்கு அர்த்தனாரி என்ன சொல்லுவார்? சாமியால் முடியாது என்று எந்த ஊர்க்கவுண்டர் சொல்லுவார்? தலையைச் சொறிந்தார். அப்போது பார்த்துக் கோயில் கூரையில் இருந்து ஒரு பல்லி அழுத்தம் திருத்தமாகச் சத்தமிட்டது. கூட்டம் "ஆகா" என்றது. பல்லிக்கு டவரைப் பற்றி என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஊரே பாறைக்குக் கிளம்பியது. முன்னால் பூசாரி அகல் விளக்கைக் கையில் பொத்திக்கொண்டு நடந்தார். அவருக்குமேல் ரமேஷ்குமார் குடை பிடித்தான். பின்னால் மேளம், கொம்பு, சாம்பிராணிப் புகை. பள்ளத்தில் வழுக்கி விழுந்து எழுந்தவர்கள் எல்லாம் அதையும் வேண்டுதல் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். பாறை உச்சியில் விளக்கை வைத்து நான்கு பக்கமும் ஆட்கள் மறைத்து உட்கார்ந்தார்கள். யமுனா தென்முனையில் நின்று சின்னாத்தாளைக் கூப்பிட்டாள். முகம் தெரிகிறமாதிரி கூப்பிட்டுப் பார்த்தாள். சின்னாத்தாளின் காது மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்து அப்படியே உறைந்துவிட்டது. சரி, குரலே போதும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, போனை அவன் பக்கத்துல சத்தமா வெய்யுங்க. மோளம் அடிக்கறாங்க."

மேளம் முழங்கியது. யமுனா போனை மேளத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தாள். நடுநடுவே இழுத்துக் காதருகே வைத்துக்கொண்டாள். சின்னாத்தாள் கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஒண்ணும் ஆகுலீங்க, டீ குடிச்சுட்டு இருக்கான்... இன்னும் குடிக்கறான்... இருங்க, இருங்க, காலு ஆடுது... கிளாசைக் கீழ வெச்சுட்டான்... இல்ல, போட்டுட்டான்... அய்யோ சாமி, பெஞ்சு! என்ற பெஞ்சு! டேய், வேப்பெலை ஒடிச்சுட்டு வாங்கடா!"

பிறகு போனில் இருந்து ஓர் உறுமல் வந்தது. பாறைமேல் இருந்த எல்லாரும் குப்புற விழுந்து கும்பிட்டார்கள். யமுனா போனைப் பிடித்திருந்ததால் விழ முடியவில்லை. நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டாள். தம்பியின் குரல்தான். ஆனால் தம்பி இல்லை.

"ஆருடா... கூப்புட்டது?"

அர்த்தனாரி போனுக்கு முன்னால் வந்து இரு கையையும் குவித்தார். சாமியிடம் அவருக்கு நடிப்புக் கிடையாது.

"நாந்தாஞ் சாமி, அர்த்தனாரி. உன்ற கரட்டுல போனுக்குக் கம்பம் நடோணும்னு புள்ளைக கேக்குது. எனக்கு இஷ்டமில்ல. ஆனா எடம் உன்னுது. நீ என்ன சொல்றியோ அதான்."

மேளம் நின்றது. காற்றுகூட நின்ற மாதிரி இருந்தது.

"கேளுடா... என்ற கரட்டுல... கம்பம்... நட்டா..."

அத்தோடு சரி. டுக், டுக் என்று இரண்டு சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை.

"சாமி?" என்றார் அர்த்தனாரி. "நட்டா? நட்டா என்ன சாமி? ஹலோ!"

பிறந்ததில் இருந்து ஒருமுறைகூட ஹலோ சொல்லாத மனுஷர் அவர். யமுனா கையில் இருந்து போனைப் பறித்துக் காதில் வைத்தார். தலைகீழாக வைத்தார். உதறினார். "அங்கிட்டுப் போங்க, தெக்கால போங்க, கையத் தூக்குங்க" என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். ஊர்க்கவுண்டர் பாறையின் விளிம்பில் நுனிக்காலில் நின்று போனை வானத்துக்குத் தூக்கி, "ஹலோ சாமி! சித்தெ இரு சாமி! போயிறாத சாமி!" என்று கூவினார். அவர் கீழே போய்விடாமல் ரமேஷ்குமார் ஒரு கையால் அவர் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டான், மறு கையில் குடை.

ஒருவழியாக மறுபடி கிடைத்தது. சின்னாத்தாள்தான் பேசினாள்.

"சாமி மலையேறிருச்சுங்க!"

கூட்டத்தில் பாதிப் பேர் ஆரவாரம் செய்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பஸ் மலையேறிருச்சு, கேஸ் லாரி மலையேறிருச்சு என்று சின்னாத்தாள் தினமும் சொல்லுகிற அதே வாய், அதே ராகம். ஊரில் செல்லமாக எல்லாரையும் சாமி என்றுதானே கூப்பிடுவார்கள். சின்னராசைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். "ரோடு தெறந்தாச்சா? எந்த வளைவுல வாரான்?" என்று ஒருவர் கேட்டார். மேளக்காரர் இரண்டு தட்டுத் தட்டியும்விட்டார்.

"பஸ்ஸில்லடா மடையா! சாமி அவன உட்டுட்டுப் போயிருச்சுங்கறா!" என்று அர்த்தனாரி கத்திய பிறகுதான் விளங்கியது. ஆரவாரம் அப்படியே அடங்கிவிட்டது.

"ஏனம்மிணி, சாமி என்ன சொல்லுச்சு? நட்டா, அப்பறம்?"

"எனக்கு எங்கீங்க கேட்டுச்சு? உங்க மோளச் சத்தத்துல என்ற காதே அடைச்சுக்கிச்சு. அது பட்டுன்னு நின்ன பின்னாலயும் காதுக்குள்ள ஙொய்யுங்குது. சாமி வாய் அசைஞ்சுது, அம்புட்டுத்தான் பாத்தேன்."

பின்னாலிருந்து சின்னராசு பேசுவது கேட்டது. சாமியாடிக்குத் தான் பேசியது என்றைக்கு நினைவிருந்தது? "அக்கா, என்ன ஆச்சு? என்ற சட்டையெல்லாம் ஏன் டீயா இருக்குது?" என்றான்.

அர்த்தனாரி போனை யமுனாவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே சோர்ந்து உட்கார்ந்தார். பூசாரி தலையை அசைத்தார். விளக்குத் திரி ஒருமுறை பெரிதாக எரிந்து அணைந்துவிட்டது. இனி அடுத்த ஆடிதான். யமுனா ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்தாள். சின்னாத்தாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"கண்ணு, நான் வேணும்னா இப்ப நெனப்பு வந்துச்சுன்னு சொல்லட்டுமா? நட்டா நல்லதுன்னுச்சுன்னு? நேரா காதுல விழல, ஆனா பெரியவரு மனசு எளகுமல்ல?"

யமுனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும். வீட்டுக் கதவில் பூட்டு விழாது. ஹேமலதா கூப்பிட்டால் மணி அடிக்கும். வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"வேண்டாங்க்கா. சாமி பேரைச் சொல்லிப் பொய்யா ஒரு டவர் நின்னா, ஒவ்வொரு தரம் போன் அடிக்கறப்பவும் எனக்குத் திக்குனுதான் இருக்கும். விடுங்க. திருப்பூர்லயும் மனுசங்கதான இருக்காங்க."

போனை வைத்துவிட்டு நாவல் மரத்தடியில் போய் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ரமேஷ்குமார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவளுக்கும் சேர்த்துக் குடையைப் பிடித்தான். மழை அப்போது பெய்யவே இல்லை.

கூட்டம் கலையவில்லை. 'நட்டா' என்பதற்குப் பின்னால் என்ன வந்திருக்கும் என்று பட்டிமன்றமே நடந்தது. நட்டா நல்லது என்றார்கள் பெண்கள். நட்டா வெட்டிப் போடுவேன் என்றார்கள் தேன் எடுக்கிறவர்கள். நட்டா நோன்பிக்கு இன்னொரு கிடாய் வேணும் என்றார் மேளக்காரர். அர்த்தனாரி வெறும் வாயை மென்றுகொண்டிருந்தார். யமுனா போனில் சொன்னது அவர் காதில் விழாமல் இல்லை. நெடுநேரம் கழித்து எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"எல்லாரும் சித்தெ வாய மூடுங்க. வேண்டாம்னா சாமி எப்புடிச் சொல்லும்? நடாதடான்னு ஒரே போடாப் போடும். எங்கப்பன் காலத்துல பலா மரம் வெட்டலாமான்னு கேட்டப்ப அப்புடித்தான் போட்டுச்சு. இன்னைக்கி அப்புடியா சொல்லுச்சு? நட்டான்னு ஆரம்பிச்சுது. நட்டான்னு ஆரம்பிச்சா அதுக்குப் பின்னால வாரது கண்டிசன். இன்னதைச் செய்யோணும், இன்னதைச் செய்யக் கூடாதுன்னு. சரிதானுங்களே?"

"சரிதானுங்க" என்றது கூட்டம். யமுனா முந்தானையை விலக்கிப் பார்த்தாள்.

"அப்ப நடறதுல சாமிக்குத் தடையில்ல. கண்டிசன்தான் என்னன்னு தெரியல. அது ஏன் தெரியல? இந்த எழவு புடிச்ச டவர் பாதியில அந்துபோச்சு. சாமி பேசிட்டே இருக்குது, நான் ஹலோ ஹலோன்னு நாய் மாதிரிக் கத்தறேன்! சாமி மொகத்துல நாளைக்கி எப்புடி முழிப்பேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபமா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. "யமுனா, எந்திரி கண்ணு. அந்தப் பையனுக்குப் போனைப் போடு."

யமுனா எழுந்து ஓடினாள். தென்முனையில் இரண்டு பாயிண்ட் காட்டியது. தரணிதரன் முதல் மணியிலேயே எடுத்தான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன.

"தம்பி, கம்பத்தைக் கொண்டுட்டு வாங்க. சாமி ஒரு கண்டிசனோட ஒத்துக்கிச்சு."

"ரொம்ப சந்தோஷம்க்கா. என்ன கண்டிசன்?"

யமுனா அர்த்தனாரியைப் பார்த்தாள். அவர் போனை வாங்கி, இம்முறை நேராகவே காதில் வைத்துக்கொண்டார்.

"அதைக் கேக்கறதுக்குத்தான் தம்பி, டவரு."